டேங்குத் தகடு போட்ட சின்னக் கார்

என் வீட்டுக்காரர் ரிடையர் ஆன அன்று அவரைத் திறந்த ஜீப்பில் நிற்கவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முன்னால் பேண்டு செட், பின்னால் வரிசையாக பைக், தெருமுனையில் சரவெடி. கழுத்தில் மாலைக்கு மேல் மாலை விழுந்து முகமே தெரியவில்லை, மூக்குக்கண்ணாடி மட்டும் வெளியே தெரிந்தது. ஆவடியில் டேங்க் செய்கிற ஃபேக்டரியில் காலமெல்லாம் வெல்டிங் அடித்த மனிதர். அங்கெல்லாம் இது வழக்கம். ஒருவர் ரிடையர் ஆனால் செக்ஷன்காரர்கள் பணம் போட்டு வண்டி பிடித்து, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி வீட்டு வாசல்வரை கொண்டுவந்து இறக்கிவிட்டுத்தான் போவார்கள். நான் ஆரத்தி எடுத்தேன். தட்டைச் சுற்றும்போதே எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது.

ஏனென்றால் நானும் ஃபேக்டரிக்காரிதான். அதே ஆவடியில், ராணுவத்துக்குச் சட்டையும் பேன்ட்டும் தைக்கிற ஃபேக்டரி. அங்கே முழுச் சட்டையை யாரும் தைப்பதில்லை. ஒருத்தி காலர், ஒருத்தி கை, ஒருத்தி பொத்தான் துளை. நான் பை. மூடி போட்டு, மூடிக்குப் பொத்தான் வைத்து, இரட்டைத் தையல் அடித்த பை. நாட்டின் எல்லையில் எத்தனை பேர் நான் வைத்த பைக்குள் கைவிட்டுக்கொண்டு நிற்கிறார்களோ, எனக்கே தெரியாது. அப்படிப்பட்ட எங்களில் ஒருத்தி ரிடையர் ஆனால் என்ன நடக்கும் தெரியுமா? உள்ளே ஒரு சால்வை, ஒரு குத்துவிளக்கு, நாலு பேர் அழுகை. கேட்டுக்கு வெளியே புருஷன் பைக்கில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருப்பார். மாலையைச் சுருட்டிக் கட்டைப் பையில் போட்டு, குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு, ஒருக்களித்து ஏறி உட்கார்ந்து போய்விடுவாள். வீட்டில் போய் சாம்பார் வைப்பாள். அவ்வளவுதான் ஊர்வலம்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னேன்: "ஏங்க, நான் ரிடையர் ஆகிற அன்னிக்கு கார்ல வருவேன். நம்ம கார்ல. நானே ஓட்டிட்டு."

அவருக்குப் புரையேறியது. "நம்மகிட்ட இன்னாமே காரு கீது? நீ இன்னாமே ஓட்டுவ?"

இரண்டும் நியாயமான கேள்விகள். எனக்குக் கோபம்தான் வந்தது. மறுநாளே போய் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். அங்கே சொல்லிக்கொடுத்தவரின் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருந்ததால், வண்டியை ஓட்டுவது நானா அவரா என்று கடைசிவரை எனக்குத் தெரியவே இல்லை. இருந்தாலும் லைசென்ஸ் வந்துவிட்டது. போட்டோவில் சண்டைக்குப் போகிறவள் மாதிரி இருக்கிறேன் என்றாள் மகள். ஆமாம், சண்டைக்குத்தான்.

புதுக் கார் நினைத்துப் பார்க்க முடியாது. வேப்பம்பட்டில் வீடு கட்டிய கடனே இப்போதுதான் மூச்சுவிட்டது. நான் எடுத்த சீட்டுப் பணத்துக்குள் காரும் வேண்டும், அது ஓடவும் வேண்டும். தேடியபோதுதான் என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன் நினைவு வந்தது. அவர்கள் சென்னீர்குப்பத்தில் தலைமுறையாக நெல் போட்டவர்கள். இப்போது நெல் போட்ட இடத்தில் குடோன் நிற்கிறது. குடோனுக்குப் பின்னால் ஒரு முருங்கை மரம், அதற்குக் கீழே ஒரு சின்ன வெள்ளைக் கார். பேர் சொல்லவேண்டியதில்லை. ஒரு காலத்தில் நடுத்தரக் குடும்பம் கார் வாங்கினாலே இதைத்தான் வாங்கும். மூன்று சிலிண்டர், உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும், அந்த வண்டிதான். வெள்ளை என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. கோழி எச்சத்துக்கு அடியில் வெள்ளை இருக்கலாம் என்று நம்பவேண்டும். முன்பக்கக் கதவில் ஒன்று இல்லவே இல்லை. இருந்த கதவைத் திறந்து கால் வைத்தேன், கால் நேராகத் தரையில் போய் நின்றது. வண்டியின் தரையில் இல்லை, சென்னீர்குப்பத்தின் தரையில். அடிப்பக்கம் முழுக்கத் துரு தின்றுவிட்டிருந்தது.

"எட்த்துக்கினு போ அண்ணி," என்றார் அவர். "எடம் காலியானா போதும் எனக்கு. துட்டெல்லாம் இன்னாத்துக்கு, ஒரு பிரியாணி வாங்கிக் குடுத்துடு."

பிரியாணி வாங்கிக் கொடுத்தோம். குட்டி யானை லோடு வண்டி ஒன்றைப் பிடித்து அதன் முதுகில் காரை ஏற்றிக் கட்டினோம். என் வீட்டுக்காரர் கீழே உட்காரமாட்டேன் என்று அடம்பிடித்து, மேலே கட்டியிருந்த காரின் டிரைவர் சீட்டிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். பூந்தமல்லியில் சிக்னலில் நின்றபோது பக்கத்து பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்க, மனிதர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மந்திரி மாதிரி கை ஆட்டுகிறார். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து இறக்கியபோதுதான் தெரிந்தது, பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அவ்வளவு தூரம் குலுங்கி வந்தும் அது எழுந்திருக்கவில்லை. அதைத் திருப்பிக் கொடுக்க யார் போவது? அதற்கும் ஒரு பிரியாணி கேட்பார்கள் என்று நாங்களே வைத்துக்கொண்டோம்.

நசரத்பேட்டையில் ஹைவே ஓரம் ஷெட் போட்டிருக்கும் மெக்கானிக் ஒருவர் எங்களுக்குப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்க்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். சாப்பாடு நான் போடவேண்டும், அதுவும் மீன் குழம்பு. முதல் நாள் வண்டியைச் சுற்றி ஒருமுறை வந்தார், பானெட்டைத் திறந்தார், மூடினார்.

"யக்கா, இத்த ரெடி பண்றதுக்கு நீ பொறுமையா நட்ந்தே ஊட்டுக்கு வந்துடலாம்."

"முடியுமா முடியாதா, அதைச் சொல்லுங்க."

"முடியும். ஆனா உன் ஊட்டுக்காரர ஒரு ரூம்ல போட்டுப் பூட்டி வையி."

அவர் சொன்னதை அன்றைக்கு நான் கேட்டிருக்கவேண்டும். என் வீட்டுக்காரருக்கு ரிடையர் ஆனதிலிருந்து கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. வாசல் கேட்டை இரண்டு முறை அறுத்து இரண்டு முறை ஒட்டவைத்தாகிவிட்டது. இப்போது தரை இல்லாத ஒரு கார் அவர் முன்னால் வந்து நிற்கிறது. மனிதருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் பழைய இரும்புக் கடைகளில் நாள் முழுக்க அலைந்து தகடு வாங்கிவந்தார். ஆட்டோவிலிருந்து அதை இறக்க ஆட்டோக்காரரும் அவரும் எதிர்வீட்டுக்காரரும் சேர்ந்து பிடிக்கவேண்டியிருந்தது. மெக்கானிக் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"அண்ணாத்தே, காருக்கு மெல்லிசுத் தகடு போதும். இது இன்னா, பாலம் கட்டப்போறியா?"

"மெல்லிசா? கண்ணிவெடி மேல ஏறுனா இன்னாத்துக்கு ஆவும்?"

"வேப்பம்பட்டுல எவன் அண்ணாத்தே கண்ணிவெடி வெக்கிறான்?"

என் வீட்டுக்காரர் வெல்டிங் முகமூடியைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டார். அவருக்கு வெல்டிங் என்றால் ஒரே மாதிரிதான் தெரியும். டேங்குக்கு அடித்த கை, காருக்கு என்று தனியாக அடிக்காது. ஒட்டு ஒன்றன்மேல் ஒன்றாக வரிசை வரிசையாகப் போனது. உண்மையைச் சொல்கிறேன், பார்க்க அவ்வளவு அழகு. முடித்துவிட்டு, கசிகிறதா பார்க்கவேண்டும் என்று உள்ளே குழாயை விட்டுத் தண்ணீர் நிரப்பினார். கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. எழுந்து நின்று மார்பை நிமிர்த்திய நிமிர்த்து இருக்கிறதே!

கசியாது என்றால் எதுவுமே கசியாது. கார்க் கம்பெனிக்காரன் தண்ணீர் வெளியே போகட்டும் என்று தரையில் விட்டிருக்கும் ஓட்டைகள் எதையும் இவர் விட்டுவைக்கவில்லை. ஐப்பசி மழை வந்தது. கதவு ரப்பர் எல்லாம் எலி தின்று போனது, கதவு இல்லாத பக்கம் வெறும் தார்ப்பாய். காலையில் போய்ப் பார்த்தால் காருக்குள் முழங்கால் அளவு தண்ணீர், அதில் ஒரு தவளை. எங்கள் தெருவில் வெள்ளம் வடிந்துவிட்டது, எங்கள் காரில் வடியவில்லை. நான் ஒரு பக்கம் மக்கில் மொண்டு ஊற்றுகிறேன், அவர் இன்னொரு பக்கம் நின்றுகொண்டு, "பாத்தியாமே, ஒரு சொட்டு கீழ போவல," என்கிறார். எனக்கு மக்கை அவர் தலையில் போடலாமா என்று வந்தது. ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது. தண்ணீருக்குள் உட்கார்ந்து சிரித்தேன்.

என்னையும் சொல்லவேண்டும். கார் சீட்டுக்கு உறை நான் தைத்தேன். கடையில் கொடுத்தால் சீட்டுப் பணம் அதற்கே போய்விடும். பூந்தமல்லியில் ரெக்சின் வாங்கி, வீட்டுத் தையல் மெஷினில் ஊசி ஊசியாக உடைத்து, லீவு நாளெல்லாம் உட்கார்ந்து தைத்தேன். இரட்டைத் தையல். மாட்டிப் பார்த்தால் அளவு கச்சிதம். என் வீட்டுக்காரர் மெதுவாகச் சுற்றி வந்தார். "எல்லாம் சோக்காத்தான் கீது. பை எத்தினி வெச்சிகீற?" என்றார். அப்போதுதான் நானும் பார்த்தேன். சீட்டின் முதுகில் பை, பக்கவாட்டில் பை, தலை சாய்க்கிற இடத்தில்கூட ஒரு பை. எல்லாவற்றுக்கும் மூடி, மூடிக்குப் பொத்தான். கை தானாக வைத்துவிட்டிருக்கிறது. சீட் பெல்ட் வருகிற இடத்துக்குத் துளை விடவில்லை, அங்கேயும் பைதான் இருந்தது. பிரித்துத் தைக்க ஒரு வாரம் ஆனது. அவர் அந்த ஒரு வாரமும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டிச் சிரித்தார்.

இல்லாத கதவுக்காகப் புதுப்பேட்டை போனோம். பழைய வண்டிகளைக் கழற்றி விற்கும் கடைகள். தேடியதில் சரியான கதவு கிடைத்தது, நிறம்தான் சிவப்பு. லோடு வண்டிக்கு ஏன் கொடுக்கவேண்டும், லோக்கல் ட்ரெயினில் கொண்டுபோகலாம் என்றேன் நான். சென்ட்ரலில் ஏறும்போது கூட்டம் இல்லை. கதவை எங்கள் எதிரே நிறுத்திப் பிடித்துக்கொண்டோம். வில்லிவாக்கத்தில் ஏறிய ஒருவர் அதன் கைப்பிடியைப் பிடித்து இழுத்துத் திறக்கப் பார்த்து, "உள்ள வர்லாங்களா?" என்று பவ்யமாகக் கேட்டார். பெட்டி முழுக்கச் சிரிப்பு. அம்பத்தூரில் ஏறிய பூக்காரம்மா கண்ணாடியைச் சுற்றிச் சுற்றி இறக்கி, அதன் வழியாக எனக்கு ஒரு முழம் மல்லி விற்றார். ஆவடி வருவதற்குள் பெட்டியில் எல்லோருக்கும் கதை தெரிந்துவிட்டது. "ஓட்டிக் காட்டு தாயி," என்றார் ஒரு பெரியவர்.

அதன்பிறகு கார்புரேட்டர், பிரேக், பேட்டரி என்று மெக்கானிக் ஞாயிறு ஞாயிறாக வந்து மீன் குழம்பும் சோறுமாகச் சாப்பிட்டார். பெயின்ட் அடிக்க என் வீட்டுக்காரர் தன்னையறியாமல் ராணுவப் பச்சை வாங்கிவந்து நிற்க, "அண்ணாத்தே, இந்தக் கலரு அட்ச்சா போலீஸ்காரன் நம்ம மூணு பேரையும் குந்தவெச்சிடுவான்," என்று மெக்கானிக் டப்பாவைப் பிடுங்கிவைத்தார். வெள்ளையே அடித்தோம். சிவப்புக் கதவும் வெள்ளையானது. ஒரு ஞாயிறு மத்தியானம் மெக்கானிக் சாவியைத் திருகினார். இருமியது, நின்றது. மறுபடி. இருமியது. மூன்றாம் முறை டம் என்று ஒரு சத்தம், சைலன்சரிலிருந்து காய்ந்த முருங்கை இலையும் எலிக் கூடும் கோழி இறகும் கறுப்புப் புகையும் சேர்ந்து வெளியே வந்து விழுந்தன. பிறகு ஓடியது! சீராக ஓடியது! நான் மெக்கானிக்கின் எண்ணெய்க் கையைப் பிடித்துக் குலுக்கினேன், மகளைக் கட்டிக்கொண்டேன், ஓடிக்கொண்டிருந்த அந்த வண்டியின் பானெட்டில் முத்தம் கொடுத்தேன். சுட்டுவிட்டது.

அப்புறம்தான் உண்மையான தொல்லை. வேப்பம்பட்டில் இன்னும் வீடு கட்டாத மனை வரிசைகளுக்கு நடுவே நான் ஓட்டிப் பழகினேன். தட்டையான ரோட்டில் நான் ராணி. ஆனால் ஃபேக்டரிக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு ரயில்வே மேம்பாலம் இருக்கிறது. அந்த ஏற்றத்தில் வண்டி நின்றால் போச்சு. கிளட்சை விட்டால் இன்ஜின் அணைகிறது, பிரேக்கை விட்டால் வண்டி பின்னால் போகிறது. ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்காரர் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, என்னை இறங்கச் சொல்லி, தான் உட்கார்ந்து ஓட்டிப் பாலத்தைத் தாண்டிவிடுவார். எனக்கு அழுகையாக வரும். ரிடையர்மென்ட் தேதி பக்கத்தில் வந்துவிட்டது.

"இன்னாமே கொறஞ்சி பூடும்?" என்றார் ஒரு நாள். "அன்னிக்கி நான் ஓட்டுறேன். நீ மாலையப் போட்டுகினு பின்னால ராணி மாரி குந்திக்கோ. காரு நம்ம காருதான?"

"நான் ஓட்டுறதுக்குத்தாங்க இந்தக் கார். உட்கார்றதுக்கு இல்ல. உட்கார்ந்து உட்கார்ந்து முதுகே போச்சு எனக்கு."

"பாலத்து மேல நின்னு பூட்டா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு நின்றது. தட்டு வைப்பேன், சாப்பிடுவார், போவார். மகள் நடுவில் வந்து, "பெரிய காரா ஒண்ணு வாடகைக்குச் சொல்றேம்மா, டிரைவரோட, பூவெல்லாம் வெச்சு," என்றாள். அவளையும் திட்டினேன். கடைசியில் அவரே இறங்கிவந்தார். பக்கத்து சீட்டில் தான் உட்காருவதாகவும், வாயைத் திறக்கமாட்டேன் என்றும், ஹேண்ட் பிரேக்கைத் தவிர எதையும் தொடமாட்டேன் என்றும் சொன்னார். சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அந்த நாளும் வந்தது. சால்வை, குத்துவிளக்கு, அழுகை எல்லாம் முறைப்படி நடந்தது. என் மெஷினை ஒருமுறை துடைத்துவிட்டு எழுந்தேன். கேட்டுக்கு வெளியே வந்தால் என் வீட்டுக்காரர் கொண்டுவந்த கார் நிற்கிறது, கண்ணாடி மாதிரி பளபளவென்று. பானெட் முழுக்க மல்லிச் சரம். அதற்கு முன்னால் டிரம் செட்! எங்கள் செக்ஷன் பெண்கள் எனக்குத் தெரியாமல் பணம் போட்டு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். எங்கள் ஃபேக்டரியில் ஒரு பெண்ணுக்காக டிரம் அடித்ததை நான் பார்த்ததில்லை. டிரைவர் சீட்டுக் கதவை நான் திறந்தபோது ஒரு கூச்சல் எழுந்தது பாருங்கள், செக்யூரிட்டி ஆபீசிலிருந்து ஓடிவந்து பார்த்தார்கள்.

முதல் முறை இன்ஜினை அணைத்துவிட்டேன். "ஓ!" என்று எல்லோரும் கத்தினார்கள். இரண்டாம் முறை நகர்ந்தது. நகர்ந்ததும், "யக்கா நாங்களும் வரோம்," என்று ஐந்து பேர் பின்சீட்டில் ஏறி ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்துவிட்டார்கள். குத்துவிளக்குப் பெட்டி ஒருத்தி மடியில், மாலைகள் எல்லாம் என் வீட்டுக்காரர் மடியில். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மெயின் ரோடு வந்ததும் டிரம் செட் நின்றுகொண்டது. நாங்கள் பாட்டுப் பாடிக்கொண்டே பட்டாபிராம் தாண்டினோம். எதிரே பாலம்.

மூன்றாவது கியரில் ஏற ஆரம்பித்தது. முனகியது. இரண்டாவதுக்குப் போட்டேன். அடிவயிற்றிலிருந்து முனகியது. முதல் கியருக்கு மாற்றுவதற்குள் பாலத்தின் நடு ஏற்றத்தில் நின்றேபோனது. ஹேண்ட் பிரேக்கை அவர் இழுத்தார். பாட்டு நின்றது. பின்னால் ஒரு பஸ் டிரைவர் ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"என்னங்க பண்றது?"

அவர் பேசவில்லை.

"சொல்லுங்க!"

உதட்டைச் சுட்டிக் காட்டினார். "வாயைத் தொறங்க!" என்று கத்தினேன்.

"தொறக்கமாட்டேன்னு சொன்னேன்ல," என்றார். பின்சீட்டில் ஒருத்தி குபுக்கென்று சிரித்துவிட்டாள். நான் மறுபடி ஸ்டார்ட் செய்து கிளட்சை விட்டேன். நடுங்கி அணைந்தது. இன்னொரு முறை. ரப்பர் தீய்கிற வாடை வந்தது. அவர் குனிந்து காலடியில் தரையைப் பார்த்தார், தன் தகட்டைத்தான்.

"கொஞ்சம் கனமாத்தாம்மே போட்டுகீறேன்," என்றார்.

பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். குத்துவிளக்குப் பெட்டியும் இறங்கியது. வண்டி ஒரு விரல் அளவு உயர்ந்ததை நானே உணர்ந்தேன். இப்போது நாங்கள் இரண்டு பேர்தான். இனி ஏறிவிடும். அல்லது வழக்கம்போல இடம் மாறிக்கொள்ளலாம். அவர் கதவைத் திறந்தார். இந்தப் பக்கம் சுற்றி வந்து என்னை இறங்கச் சொல்லப்போகிறார் என்று எனக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது. நான் சீட் பெல்ட்டில் கைகூட வைத்துவிட்டேன்.

அவர் என் பக்கம் வரவில்லை. மாலைகளைத் தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டு, பெண்களை நடைபாதைமேல் ஏறி நிற்கச் சொல்லிவிட்டு, பின்னால் நடந்தார். கண்ணாடியில் பார்க்கிறேன். அந்த பஸ்ஸுக்கு முன்னால் போய் நடு ரோட்டில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். பஸ் டிரைவர் தலையை நீட்டி வண்டை வண்டையாகத் திட்டினார். "குந்து நைனா, பொறுமையா குந்து! எம் பொண்டாட்டி வண்டி எடுக்கறா!" என்று இவர் அதைவிடப் பெரிய குரலில் கத்தினார். பஸ் புஸ்ஸென்று பின்னால் நகர்ந்து இடம் விட்டது.

நான் தனியாக இருந்தேன். ஹேண்ட் பிரேக்கை இழுக்க யாரும் இல்லை. ஸ்டார்ட் செய்தேன், முதல் கியர் போட்டேன். கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன், மெஷினில் பெடலை விடுகிற மாதிரி. இன்ஜின் சத்தம் மாறியது. ஹேண்ட் பிரேக்கை விடுவித்தேன். ஒரு சாண் பின்னால் போனது, உயிர் போய் வந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தேன். நின்றது. நடுங்கியது. பிறகு ஏறியது! தானாக, நானாக, ஏறியது! நடைபாதையிலிருந்து பெண்கள் கத்திய கத்தலில் எனக்கு ஹார்ன் சத்தம் எதுவும் கேட்கவில்லை. பாலத்தின் உச்சியில் காற்று முகத்தில் வந்து அடித்தது. நான் வாய்விட்டு என்னவோ கத்தினேன், என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

பாலம் இறங்கியதும் ஓரம் கட்டி எல்லோரையும் ஏற்றிக்கொள்ளவேண்டும். அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அங்கே ஷேர் ஆட்டோக்கள் நின்றிருந்தன, இடம் இல்லை. கொஞ்சம் தள்ளி நிறுத்தலாம் என்று போனேன். அங்கே இடம் இருந்தது. நிறுத்தவில்லை. திருநின்றவூர் போனது. வேப்பம்பட்டுத் திருப்பம் வந்தது, கை தானாக இண்டிகேட்டரைப் போட்டது. கல்யாணமாகி வந்ததிலிருந்து வீட்டிலிருந்து ஃபேக்டரி, ஃபேக்டரியிலிருந்து வீடு. நடுவில் காய்கறி வாங்க இறங்கினால்கூட யாரிடமாவது சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன். இண்டிகேட்டரை நிறுத்தினேன். நேராக விட்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் அதிகம்.

திருவள்ளூர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடை. ஓரம் கட்டினேன். கழுத்தில் ஒரு மாலை இன்னும் கிடந்தது. டீக்கடைக்காரர் மாலையையும் பானெட்டில் இருந்த மல்லியையும் பார்த்தார், பின்சீட்டில் யாராவது இருக்கிறார்களா என்றும் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா விசேஷம்?"

"ரிடையர் ஆயிட்டேன்," என்றேன்.

"டிரைவர் வர்லியா?"

"நான்தான் டிரைவர்."

சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் கொடுத்தார். பாதி டீயில் போன் அடித்தது. என் வீட்டுக்காரர். பின்னால் பெண்கள் பேச்சும் மகளின் குரலும் கேட்டன.

"இன்னாமே, நாங்கல்லாம் ஆட்டோ புட்ச்சி ஊட்டாண்ட வந்துட்டோம். வண்டியக் காணோம். எங்க கீற?"

"திருவள்ளூர் பக்கம்."

"அங்க இன்னாத்துக்கு?"

"சும்மாதான்."

திட்டப்போகிறார் என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

"பெட்ரோலு கீதா?" என்றார்.

"இருக்குங்க."

"அப்போ பொறுமையா வா. இவங்களுக்கு நான் காப்பி போடுறேன்."

நான் இன்னொரு டீ சொன்னேன்.